வேலையை விட்டுட்டு ரிட்ரீட் நடத்தலாமா? கடைசி ரெண்டு சீட்டோட கணக்கு

"யோகா சர்டிபிகேட் வாங்கிட்டேன். பெண்களுக்கு மட்டும் மாசம் ஒரு ரிட்ரீட் நடத்தினா சம்பளத்தைவிட அதிகமா வரும்போல இருக்கு. பேப்பர் போட்டுடலாமா?" முப்பதைத் தொடுற பெண்கள் இப்போ அடிக்கடி கேக்குற கேள்வி இது.

ஆசையில தப்பே இல்லைங்க. மூணு நாள் யாருக்கும் சமைக்காம, நிம்மதியா தூங்கி எழுந்து, மூச்சுப்பயிற்சி செய்ய ஒரு இடம் கிடைச்சா காசு கொடுக்கப் பல பேர் தயார். ஆனா "அதிகமா வரும்"னு சொல்லும்போது அவங்க பாக்குறது வசூலை. நாம பாக்க வேண்டியது மிச்சத்தை.

கொடைக்கானல்ல ரெண்டு ராத்திரி, மூணு நாள்னு வச்சுக்குவோம். 12 பேர், தலைக்கு 15,000 ரூபாய். வசூல் 1,80,000. இப்போ செலவு. (எல்லாமே உதாரண எண்கள்தான், உங்க ஹோட்டல் ரேட்டைப் போட்டு மாத்திக்கோங்க.) உங்களுக்கும் உதவியாளருக்கும் சேர்த்து 7 ரூம், ஒரு ராத்திரிக்கு 4,000 வீதம் 56,000. 14 பேர் சாப்பாடு, ஒரு நாளைக்கு 900 வீதம் 37,800. கொடை ரோடு ஸ்டேஷன்ல இருந்து போக வர வேன் 28,000. கூட வர்ற இன்னொரு ஆசிரியருக்கு 15,000. இன்ஸ்டாகிராம் விளம்பரம் 12,000. பேமென்ட் கேட்வே 2 சதவீதம், 3,600. மொத்தம் 1,52,400. உங்க கையில நிக்கிறது 27,600.

சரி, 10 பேர்தான் வந்தாங்கன்னா? ரூம், வேன், ஆசிரியர், விளம்பரம் எதுவும் குறையாது. சாப்பாடும் கேட்வேயும் மட்டும் கொஞ்சம் குறையும். மிச்சம் வெறும் 3,600. 9 பேர்னா 8,400 ரூபாய் நஷ்டம்! அதாவது முதல் பத்து சீட்டும் ஹோட்டல்காரருக்கும் வேன்காரருக்கும். உங்க சம்பளம் கடைசி ரெண்டு சீட்லதான் இருக்கு. கிளம்புறதுக்கு முந்தின நாள் "மாமியாருக்கு உடம்பு சரியில்லை, வர முடியலை"ன்னு ரெண்டு மெசேஜ் வந்தா அந்த மாசச் சம்பளம் போச்சு. அதனால எத்தனை நாளுக்கு முன்னாடி கேன்சல் பண்ணா எவ்வளவு திரும்பக் கிடைக்கும்ங்கறதை புக்கிங் எடுக்கும்போதே எழுத்துல கொடுத்துடுங்க. தோழிகள்கிட்ட இதைச் சொல்லக் கூச்சமாத்தான் இருக்கும். பரவாயில்லை, சொல்லுங்க.

இதை இப்போ வேலையோட ஒப்பிடுங்க. மாசம் 60,000 கைக்கு வருதுன்னா வருஷத்துக்கு 7,20,000. அதுக்கு ஈடா முழுசா நிரம்பின ரிட்ரீட் 26 நடத்தணும். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு! பொங்கல், தீபாவளி, பிள்ளைங்க பரீட்சை, மழைக்காலம் எல்லாம் கழிச்சா அவ்வளவு வீக்எண்ட் எங்க இருக்கு? மலைக்கு வேற வழி யோசிக்கவும் முடியாது. 2024 மே மாசத்துல இருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போற வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம்.

அடுத்தது ஜிஎஸ்டி. நிறைய பேர் "எனக்கு லாபமே மூணு லட்சம்தானே"ன்னு விட்டுடுறாங்க. சேவைக்கு 20 லட்சம் எல்லைங்கறது லாபத்துக்கு இல்லை, மொத்த வசூலுக்கு. மாசம் ஒரு ரிட்ரீட் நிரம்பினா வருஷ வசூல் 21,60,000. எல்லை தாண்டிடுச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் யோகா வகுப்புக்கும், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்குமான ஹோட்டல் ரூமுக்கும் 5 சதவீதம்தான். ஆனா கோச்சிங், ஒர்க்‌ஷாப்னு வந்தா 18. எல்லாத்தையும் கலந்து ஒரே விலையா பில் போட்டு, அது கலப்பு சப்ளைன்னு முடிவானா, உள்ளதுலயே அதிக ரேட் மொத்தத் தொகைக்கும் வரும். 15,000 ரூபாயை ஏத்தாம அதுக்குள்ளயே 18 சதவீதம் கட்டினா ஒரு ரிட்ரீட்டுக்கு வரி 27,458. மேல பாருங்க, நம்ம லாபம் 27,600. உள்ளீட்டு வரி வரவு கொஞ்சம் கழிஞ்சாலும் அடி அடிதான். முதல் பில் போடுறதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டர்கிட்ட பேக்கேஜைக் காட்டிடுங்க.

அப்போ இந்தத் தொழிலே வேண்டாமா? அப்படி இல்லை. ரிட்ரீட்டை மட்டும் நம்பாதீங்கன்னு சொல்றேன். வாரநாள்ல காலை 6 மணிக்கு ஆன்லைன் வகுப்பு, 25 பெண்கள், தலைக்கு மாசம் 1,500 ரூபாய். வசூல் 37,500, செலவு ரொம்பக் கம்மி. மழை வந்தாலும் நிக்காது. முக்கியமா, ரிட்ரீட்டுக்கு வர்ற 12 பேரும் இந்த வகுப்புல இருந்தே வந்தா விளம்பரச் செலவு 12,000 அப்படியே மிச்சம். உங்களை ஏற்கனவே தெரிஞ்சவங்க கடைசி நேரத்துல கழண்டுக்கவும் மாட்டாங்க. வகுப்பு மாசச் சம்பளம் மாதிரி, ரிட்ரீட் போனஸ் மாதிரி. (வகுப்பு வசூலும் அந்த 20 லட்சக் கணக்குல சேரும், மறந்துடாதீங்க.)

முன்பணத்துக்குத் தனி பேங்க் அக்கவுண்ட் வைங்க. ரிட்ரீட் முடியுற வரைக்கும் அது உங்க காசு இல்லை.

பேப்பர் போடுறதுக்கு முன்னாடி ஹெல்த் இன்ஷூரன்ஸ். கம்பெனி குரூப் பாலிசி வேலையோட போயிடும். புதுசா எடுத்தா தைராய்டு, சுகர் மாதிரி ஏற்கனவே இருக்கற பிரச்சனைக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டி வரலாம். வேலையில இருக்கும்போதே சொந்த பாலிசி எடுத்துட்டா அந்தக் கடிகாரம் இப்பவே ஓட ஆரம்பிச்சுடும். பிஎஃப்ல கம்பெனி போடுற பங்கும் நின்னுடும், அதையும் உங்க மாசத் தேவையில சேர்த்துக்கோங்க.

வேலையில இருந்துக்கிட்டே வகுப்பையும், வருஷத்துக்கு மூணு நாலு ரிட்ரீட்டையும் நடத்திப் பாருங்க. அதுக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வெளிவேலை பத்தி என்ன போட்டிருக்குன்னு படிங்க, தேவைன்னா எச்ஆர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. அந்த வருஷம் ஐடிஆர்-1 போட முடியாது. தொழில் வருமானம் இருக்கறதால உங்க கணக்கைப் பொறுத்து ஐடிஆர்-3 அல்லது ஐடிஆர்-4. அதனால முதல் ரிட்ரீட்ல இருந்தே ஹோட்டல் பில், வேன் பில் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க.