கதவில் இரண்டு பெயர்

அன்பு மகனுக்கு,

சித்தி எழுதுவது. பெர்லினில் வீடு அமைந்துவிட்டது, மருமகளும் அடுத்த மாதம் வருகிறாள் என்று அக்கா சொன்னாள். மிகவும் சந்தோஷம்.

வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயரையும் சேர்க்கும்படி வீட்டுக்காரரிடம் சொல். சம்பளச் சீட்டு உன்னிடம்தானே இருக்கிறது, உன் கையெழுத்தே போதும் என்பார்கள். ஆனாலும் கேட்டுப் பார். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் சட்டப்படி வாடகைதாரர் இல்லை. கையெழுத்திட்டால் வாடகைக்கு அவளும் பொறுப்பாவாள். அதையும் சொல்லியே அவளிடம் சம்மதம் கேள். முன்பணம் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம்.

அடுத்தது தபால்பெட்டி. சின்ன விஷயம் என்று விட்டுவிடாதே. அங்கே அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலானவற்றுக்குக் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நம் வழக்கப்படி உன் பெயரோடு உன் அப்பா பெயர், அவள் பெயரோடு அவள் அப்பா பெயர். உன்னுடையதை மட்டும் ஒட்டினால் அவளுக்கு வரும் வரி எண் கடிதமும் வங்கி அட்டையும் அனுப்பிய இடத்துக்கே திரும்பிப் போய்விடும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டு பெயரையும் பெட்டியிலும் அழைப்புமணியிலும் ஒட்டு.

குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டு வேண்டும். சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடு.

சமையலறையைப் பார்த்து மலைக்காதே. பல வீடுகளில் வெறும் சுவரும் தண்ணீர்க் குழாயும்தான் இருக்கும். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாவற்றையும் பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போய்விடுவார். பழையதாகவே வாங்குங்கள், ஆனால் அவள் வந்தபின் சேர்ந்து பாருங்கள். அடுப்பு எந்த உயரம், மிக்சி எந்த மூலை என்பதை நீ தனியாக முடிவு செய்துவிட்டால் அவள் உன் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருவாள். குளிர்காலத்தில் சோறு வடிக்கும் ஆவியும் உள்ளே உலர்த்தும் துணியின் ஈரமும் சுவரில் பூஞ்சையாகப் படியும். தினம் இரண்டு முறையாவது ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். பூஞ்சை வந்தால் முன்பணத்தில் கைவைப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் மிக்சி வேண்டாம்.

உனக்கு அலுவலகமும் கூட்டாளிகளும் இருக்கிறார்கள். அவளுக்கு முதலில் நீ மட்டும்தான். இது ஒருவர் மேல் வைக்கக்கூடாத பாரம். நீ ப்ளூ கார்டில் போயிருப்பதால் அவள் விசாவுக்கு ஜெர்மன் தேர்வு கேட்கவில்லை. வேலை பார்க்கவும் உரிமை உண்டு. அதை நம்பி மொழியைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். அக்கம்பக்கம், மருத்துவமனை, வேலைக்கான நேர்காணல் எல்லாம் அந்த மொழியில்தான் நடக்கும். ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே என்ற பொதுக்கல்வி நிலையங்களில் குறைந்த கட்டணத்தில் சொல்லித்தருகிறார்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். இப்போதே அவளைக் கேட்டு ஒரு வகுப்பில் பதிவு செய். மாலை வகுப்பு என்றால் அன்றைய சமையலை நீ பார்த்துக்கொள்.

அன்புடன்,
சித்தி