பழைய கார் ஏன் இருமுகிறது?

மாணவர்களே, சுங்கை சிப்புட் தோட்டப் பாதையில் பழைய புரோட்டோன் சாகா ஒன்று குலுங்கிக் குலுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறீர்களா?

1985இல் அறிமுகமான அந்தக் காரின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். நிமிடத்திற்கு 3000 சுற்று சுழலும்போது, ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை தீப்பொறி தரவேண்டும். ஒரு சிலிண்டர் எரியத் தவறினாலும் எஞ்சின் நடுங்கும்.

எந்தச் சிலிண்டர்? எஞ்சின் மெதுவாக ஓடும்போது, மெக்கானிக் மின்காப்புள்ள குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். கழற்றியதும் நடுக்கம் கூடினால் அந்தச் சிலிண்டர் நலம். மாற்றமே இல்லையென்றால் பழுது அங்கேதான்.

பிறகு எஞ்சினை நிறுத்தி, அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றுவார். பழுதும் கூடவே நகர்ந்தால் பிளக்தான் காரணம். புதியது போட்டால் போதும். நகராவிட்டால் வயர், டிஸ்டிரிபியூட்டர் மூடி, சிலிண்டரின் அமுக்கம் என அடுத்தடுத்துச் சோதிப்பார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது: உங்கள் ஆய்வுக்கூட விதியும் இதுதானே!

வயரில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட்டு. நீங்கள் தொடாமல் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.