வீட்டு விலங்குகளும் கொரோனா நச்சுயிரியும்

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் ஹாங்காங்கில், கோவிட் நோயுற்ற ஒருவர் வீட்டில் வளர்ந்த பொமரேனியன் நாயொன்றின் மூக்கிலும் வாயிலும் இந்நச்சுயிரி சிறிய அளவில் காணப்பட்டது. அந்நாய்க்கு வயது 17. தனிமைக் காவலில் வைக்கப்பட்டு வீடு திரும்பிய சில நாட்களில், மார்ச் மாதத்தில் அது இறந்தது. பிணப்பரிசோதனைக்கு உரிமையாளர் இசையாததால் இறப்பின் காரணம் துணியப்படவில்லை. அதன் முதுமையையும் ஒதுக்கிவிடுவதற்கில்லை. எனினும் நாய் நோயைப் பரப்பும் என்ற அச்சம் செய்தியைவிட வேகமாகப் பரவியது. வளர்ப்பு விலங்குகளைத் தெருவில் கைவிடலாகாது என்று இந்திய விலங்கு நல வாரியம் அதே மார்ச் மாதத்தில் அறிவுறுத்த நேர்ந்தது.

இக்குழப்பத்திற்குப் பெயரும் ஒரு காரணமாகும். கொரோனா என்பது தனியொரு நச்சுயிரியின் பெயரன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். நாய்களின் குடலைத் தாக்கி வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கொரோனா நச்சுயிரி, ஜெர்மனியில் 1971-ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கெதிரான நாய்த் தடுப்பூசி கோவிட் நோயைத் தடுக்காது. மனிதருக்கு அதனைச் செலுத்துவது அறவே தகாது.

பூனைகளுக்குரிய கொரோனா நச்சுயிரி இன்னும் கவனத்திற்குரியது. பல பூனைகள் ஒருங்கே வாழுமிடங்களில் அது சாதாரணமாகக் காணப்படுவது. பெரும்பாலும் தீங்கின்றியோ சிறு கழிச்சலுடனோ நின்றுவிடும். ஆனால் ஒரு சிறு பகுதிப் பூனைகளின் உடலுக்குள் அது உருமாறி, வயிற்றறை அழற்சி நோயை விளைவிக்கிறது. வயிறு நீர்கோத்து வீங்குதல், தணியாத காய்ச்சல், மெலிவு, சிலவற்றில் கண்ணும் நரம்பும் கெடுதல் ஆகியன இதன் குறிகள். மருந்தின்றி விட்டால் ஏறக்குறைய உறுதியாக உயிரைப் பறிக்கும் நோய் இது. கோவிட் சிகிச்சையில் பயன்பட்ட ரெம்டெசிவிருக்கு மூலமான ஜி.எஸ்.-441524 என்னும் மருந்து, இன்று இத்தகைய பூனைகள் பலவற்றைப் பிழைக்க வைக்கிறது. இப்பூனைநோய் மனிதருக்குத் தொற்றுவதில்லை.

மனிதரிடமிருந்து வரும் தொற்று

கோவிட் நச்சுயிரி உயிரணுவினுள் நுழைய ஏ.சி.இ.-2 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பூனையின் இப்புரதம் மனிதருடையதைப் பெரிதும் ஒத்தது. சீனாவின் ஹார்பின் நகர ஆய்வாளர் 2020-இல் நடத்திய சோதனைகளில் பூனைகளும் ஃபெரட் விலங்குகளும் எளிதில் தொற்றுக்குள்ளாயின. நாய்களிடம் தொற்று வலுப்பெறவில்லை. கோழி, வாத்து, பன்றிகளிடம் அது காணப்படவேயில்லை. வீடுகளில் தொற்றுற்ற விலங்குகளிற் பல எக்குறியுமின்றியே இருந்தன; ஏனையவற்றிடம் இருமல், தும்மல், சோர்வு, பசியின்மை, வாந்தி, கழிச்சல் முதலியன தென்பட்டன.

பூனை இனத்தில் நோய் கடுமையாகவும் கூடும் என்பதைக் காட்டியது சென்னையையடுத்த வண்டலூர் உயிரியல் பூங்கா. 2021 ஜூனில் அங்குச் சிங்கங்கள் தொற்றுக்குள்ளாகி, இரண்டு இறந்தன. போபால் ஆய்வகம் அவற்றினிடம் டெல்டா வகையைக் கண்டறிந்தது. அடுத்த ஆண்டு ஜூனில், ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'அன்கோவாக்ஸ்' என்ற விலங்குத் தடுப்பூசி வெளியிடப்பட்டது.

விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்று சென்றதும் உண்டு. ஆயினும் அது அரிது. 2021-இல் தாய்லாந்தில், மாதிரி எடுக்கப்பட்ட பூனை முகத்தருகே தும்மியதால் கால்நடை மருத்துவர் ஒருவர் நோயுற்றார். 2022 ஜனவரியில் ஹாங்காங்கின் வளர்ப்பு விலங்குக் கடையொன்றின் வெள்ளெலிகளிடமிருந்து தொற்று பரவியதாக அறியப்பட்டு, ஏறத்தாழ 2,000 சிறு விலங்குகள் கொல்லப்பட்டன. அவ்வளவு கடுமை தேவைதானா என்ற வினா அப்போதே எழுந்தது.

ஆகவே காக்கப்பட வேண்டியது முதலில் விலங்கேயாகும். நோயுற்றவர் அதனை அணைத்தல், முத்தமிடுதல், உடன் உறங்குதல், உணவைப் பகிர்தல் ஆகியவற்றைத் தவிர்த்து, பராமரிப்பைக் குடும்பத்தில் வேறொருவரிடம் ஒப்படைத்தல் நன்று. ஒருவரே வாழும் வீட்டில், முகக்கவசம் அணிந்து, கையைக் கழுவியபின் உணவிடலாம். விலங்கிற்கு முகக்கவசம் கட்டுவது தீங்கு. அதன் உடலில் சலவைத்தூள் கரைசலையோ சாராயம் கலந்த கைத்தூய்மியையோ பூசுதல் அதனினும் தீங்கு. பூனை தன் உடலை நக்கித் தூய்மை செய்வதாதலின், பூசியதனைத்தும் அதன் வயிற்றுக்குள் செல்லும்.