பூட் பென்டிரைவ் டிஸ்க்கைக் குணப்படுத்துமா?

ஒரகடம், வல்லம் வடகல், இருங்காட்டுக்கோட்டை சிப்காட்களில் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சின்ன யூனிட் எதிலும் மெயின்டனன்ஸ் மேசையின் டிராயரைத் திறந்து பாருங்கள். மார்க்கரில் 'பூட்' என்று கிறுக்கிய பென்டிரைவ் ஒன்று கிடக்கும். லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டரோ, அளவு பார்க்கும் மிஷினோடு சேர்ந்து வந்த பழைய எக்ஸ்பி பெட்டியோ நின்றுவிட்டால் முதலில் தேடுவது அதைத்தான். லேபிள் இல்லாமல் சரக்கு வண்டி ஏறாது. வண்டி போகாவிட்டால் கஸ்டமர் லைன் நிற்கும். அந்தப் பதற்றத்தில் செய்கிற வைத்தியமே பல டிஸ்க்குகளை முடித்துவிடுகிறது.

நம்பிக்கை: பென்டிரைவில் பூட் செய்து செக்டிஸ்க் ஓட்டினால் பேட் செக்டார் சரியாகிவிடும்.

ஆகாது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கைத்தான் செக்டிஸ்க் சரிபார்க்கும். 'ஸ்லாஷ் ஆர்' கொடுத்தால் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்த்து, படிக்க முடியாத இடங்களை இனிமேல் பயன்படுத்தாதபடி குறித்து வைக்கும். கெட்ட செக்டாருக்குப் பதில் உபரி செக்டாரை ஒதுக்குவது டிஸ்க்கின் ஃபர்ம்வேர். அதுவும் போன டேட்டாவைத் திருப்பித் தராது. கணக்கு இடித்தால் செக்டிஸ்க் தயங்காமல் வெட்டும். பிறகு 'ஃபவுண்ட்.000' என்றொரு ஃபோல்டர் முளைத்திருக்கும். உள்ளே பெயரில்லாத துண்டுகள். எது புரோகிராம், எது இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் என்று யார் பிரிப்பது?

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் யூபிஎஸ் கைவிட்டு, கணக்கு மட்டும் குழம்பியிருந்தால் செக்டிஸ்க் நல்ல கருவிதான். டிஸ்க்கே தேய்ந்துகொண்டிருந்தால் மணிக்கணக்கில் அதை ஓடவிடுவது இருக்கிற உயிரையும் எடுக்கும். எந்த ரகம் என்று அறிய சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். 'பெண்டிங் செக்டார்' பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ரிப்பேர் பேச்சையே எடுக்காதீர்கள். முதலில் நகல். அதற்கென்றே டிடிரெஸ்க்யூ இருக்கிறது: சுலபமாகப் படிக்க வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊருக்கென்றே எழுதிய மாதிரி! செக்டிஸ்க்கோ, பார்ட்டிஷன் மீட்கும் டெஸ்ட்டிஸ்க்கோ, அந்த நகலின் மேல் ஓடட்டும்.

நம்பிக்கை: வெளியிலிருந்து பூட் செய்வதால் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது.

எழுதப்படலாம். ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை 'படிக்க மட்டும்' என்று மவுண்ட் செய்தாலும், பாதியில் நின்ற ஜர்னலை லினக்ஸ் எழுதி முடிக்கப் பார்க்கும். அதைவிடப் பெரிய தவறு நம் கையால் நடப்பது: சி டிரைவில் அழிந்ததை மீட்டு, அதே டிஸ்க்கின் டி டிரைவில் சேமிப்பது. பார்ட்டிஷன் வேறானாலும் சாகப்போகும் டிஸ்க் ஒன்றேதான்.

நம்பிக்கை: நல்ல பூட் சிடி இருந்தால் எந்த ஃபைலையும் எடுத்துவிடலாம்.

முடியாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் வைரஸ் உலகைச் சுற்றியபோது ஒரகடத்தின் ரெனோ–நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. அந்த வைரஸ் பூட்டிய ஃபைல்கள் கெட்டுப்போனவை அல்ல, மறையாக்கம் செய்யப்பட்டவை. பென்டிரைவில் பூட் செய்து வைரஸை நீக்கலாம். பூட்டு அப்படியே இருக்கும். வைரஸ் நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

2024 ஜூலை 19 கதை வேறு. பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் தப்பான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. சென்னை விமான நிலையத்திலும் செக்-இன் தடுமாறியது. டிஸ்க் எதுவும் கெடவில்லை. ஒரே ஒரு ஃபைலை அழித்தால் போதும். மைக்ரோசாஃப்ட்டே அதற்கு பூட் பென்டிரைவ் கருவி கொடுத்தது. ஆனால் பிட்லாக்கர் மறையாக்கம் போட்ட கம்ப்யூட்டரில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. அதை எங்கே வைத்தோம் என்று தேடியே பலருக்கு நேரம் போனது.

பழைய ஹைரன்ஸ் பூட் சிடியைப் பொக்கிஷமாக வைத்திருப்பவர்களுக்கு: 15.2 பதிப்பு 2012-இல் வந்தது. அதிலுள்ள மினி எக்ஸ்பிக்கு என்விஎம்இ டிஸ்க் கண்ணிலேயே படாது.

நம்பிக்கை: சிஎன்சி மிஷின் படுத்தாலும் இதே பென்டிரைவ் போதும்.

பல ஃபானுக் கன்ட்ரோலில் பாராமீட்டர்கள் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. பேட்டரி தாங்கும் எஸ்ராமில் இருக்கின்றன. திரையில் 'BAT' என்று மினுக்கும்போது, மிஷின் ஆனில் இருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். ஆஃப் செய்து மாற்றினால் பாராமீட்டர் போய்விடலாம். பேக்கப் எடுக்க, வலது ஓரத்து இரண்டு சாஃப்ட் கீகளை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் பூட் திரை வரும். அங்கிருந்து மெமரி கார்டில் எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பென்டிரைவோ ஆபரேட்டிங் சிஸ்டமோ தேவையில்லை, பத்து நிமிடம் மிஷினை நிறுத்த புரொடக்‌ஷன்காரர் சம்மதித்தால் போதும்.