எல்லைக்கோடும் ஜனங்களின் சம்மதமும்

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பூகோளப் படத்தில் அமெரிக்காவின் வயோமிங், கொலராடோ போன்ற மாநிலங்களின் எல்லைகள் அடிக்கோல் வைத்துக் கிழித்தாற்போல் நேராக இருக்க, அவற்றைக் காட்டிலும் எவ்வளவோ சிறிய சுவிட்ஸர்லாந்து மட்டும் 26 பிரிவுகளாக நெளிந்து வளைந்து கிடப்பானேன் என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவைப் பற்றிய விடை சுருக்கமானது: அந்தப் பிரதேசங்களில் குடியேறிகள் பெருகுமுன்பே அவற்றின் எல்லைகளை அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு தலைநகரில் காகிதத்தின்மேல் நிர்ணயித்துவிட்டார்கள், தொன்றுதொட்டு அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளின் அபிப்பிராயத்தை எவரும் கேட்கவில்லை. ஒரு தேசத்தின் உட்பிரிவுகளை ஆராயும்போது, அங்கு வாழும் ஜனங்களைக் கேட்டுச் செய்தார்களா, கேளாமற் செய்தார்களா என்பதையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணமாதலால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சுவிட்ஸர்லாந்துக்கு வருமுன் பிரான்ஸைப் பார். புரட்சிக்கு முந்திய பிரான்ஸ், நார்மண்டி, பிரிட்டனி, புரோவான்ஸ் முதலான மாகாணங்களாக இருந்தது. மன்னர்கள் யுத்தத்தாலும் விவாக சம்பந்தத்தாலும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்ட நிலப்பரப்புகளாதலால், அவை தத்தம் பழைய சட்டத்தையும் வரியையும் சலுகையையும் விடாமல் வைத்திருந்தன. உப்பு வரியையே எடுத்துக்கொள். பிரிட்டனியில் அந்த வரி கிடையாது. எல்லையைத் தாண்டி அடுத்த மாகாணத்தில் கால் வைத்தால் அதே உப்புக்குப் பன்மடங்கு விலை. ஆகவே நாய்களின் முதுகில் உப்புப் பைகளைக் கட்டி இருட்டில் எல்லை கடக்க ஓட்டிவிடுவதும், வரிக்காவலர்கள் புதர்மறைவில் காத்துக்கிடப்பதும், அகப்பட்ட ஏழைகள் கடுந்தண்டனைக்கு ஆளாவதும் அந்த எல்லையோர கிராமங்களில் நித்திய சம்பவங்களாக இருந்தன. ஒரே மன்னனின் பிரஜைகள் ஒரு பிடி உப்புக்காகத் தம் தேசத்துக்குள்ளேயே கள்ளக்கடத்தல்காரர்களாக வாழ நேர்ந்த இந்த அவலத்தை மறந்துவிட்டுப் புரட்சியாளரின் வேகத்தை நாம் குறைகூறலாகாது.

1789-இல் தூரே என்னும் வழக்கறிஞர் புரட்சியின் தேசிய சபையில் கொணர்ந்த திட்டம், பழைய மாகாணங்களை அடியோடு கலைத்துவிட்டு, தேசம் முழுவதையும் பக்கத்துக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட சதுரங்களாகப் பங்கிட வேண்டும் என்றது. நிலத்தைச் சதுரங்கப் பலகையாகக் கருதிய இந்தத் திட்டத்தை மிராபோ போன்ற சபையினர் எதிர்த்தார்கள். ஊர்ப்பிரதிநிதிகளும் தத்தம் பகுதிக்காக வாதாடினார்கள். முடிவில் 1790-இல் உருவான 83 ஜில்லாக்கள் பல இடங்களில் பழைய மாகாண எல்லைகளையே அனுசரித்து அமைந்தன. பிரபுக்களின் ஞாபகம் எழாதிருக்கும்பொருட்டு நதிகளின் பெயரும் மலைகளின் பெயரும் சூட்டப்பட்டன. ஜில்லாவின் எந்த மூலையிலிருந்து குதிரையேறிப் புறப்பட்டாலும் ஒரே நாளில் அந்த ஜில்லாவின் தலைநகரை அடைந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கொண்ட அளவு. ஒரு குடியானவன் மனுக் கொடுக்கப் போகும் தூரத்தை அளவாகக் கொண்டு எல்லை வகுத்த அந்தச் சபையினரிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

ஆனால் 1800-இல் நெப்போலியன் ஒவ்வொரு ஜில்லாவுக்கும் தானே ஓர் அதிகாரியை நியமித்தபோது, குடிமகன் ஜில்லாத் தலைநகரை எளிதில் எட்டுவதற்காக ஏற்பட்ட அதே வசதி, பாரிஸின் கட்டளை குடிமகனை எளிதில் எட்டுவதற்கும் உபயோகமாயிற்று. கோடுகள் மாறவில்லை, அவற்றின் பயன் மாறிற்று. வார் நதியின் பெயர் பெற்ற ஜில்லாவிலோ பிற்பாடு கோடே மாறிற்று, பெயர் மட்டும் நின்றது. 1860-இல் நீஸ் நகரம் பிரான்ஸுடன் இணைந்தபோது, புதிய ஜில்லா ஒன்றை அமைப்பதற்காக வார் ஜில்லாவின் கிழக்குப் பகுதியை வெட்டி நீஸோடு சேர்த்துவிட்டார்கள். அன்றுமுதல் வார் நதி வார் ஜில்லாவில் ஓடுவதில்லை!

சுவிட்ஸர்லாந்தின் மார்க்கம் வேறு. ஜூரா மலைப்பகுதியை 1815-இல் வியன்னாவில் கூடிய வல்லரசுகள், அங்குள்ளோரைக் கேளாமல், பெர்ன் மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டன. பெர்ன் பெரும்பாலும் ஜெர்மன் பேசுவது. ஜூரா பெரும்பாலும் பிரெஞ்சு பேசுவது. நெடுநாள் மனக்கசப்புக்குப் பின் 1974-இல் அப்பகுதியினரிடமே வாக்குக் கேட்டபோது, சொற்ப வித்தியாசத்தில் தனி மாநிலம் வேண்டும் என்ற பக்கம் வென்றது. அத்துடன் விஷயம் தீர்ந்ததென்று அவர்கள் விட்டுவிடவில்லை. தெற்கு ஜில்லாக்களில் எதிர்ப்பு மிகுந்திருந்ததால், அடுத்த ஆண்டு அவற்றைத் தனியே கேட்டார்கள்; அவை பெர்னுடனேயே தங்கின. வடக்கும் தெற்கும் ஒரே பிரெஞ்சு பேசினாலும், வடக்கே கத்தோலிக்கரும் தெற்கே புராட்டஸ்டண்டுகளும் மிகுதி என்பதால், பாஷை ஒன்றே ஜனங்களைச் சேர்த்துவைத்துவிடும் என்னும் எண்ணம் அங்கே பலிக்கவில்லை. பின்னர் எல்லையோர கிராமங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, 1978-இல் நாடு முழுவதன் சம்மதத்தையும் வாக்கெடுப்பால் பெற்று, 1979 ஜனவரி 1-ஆம் தேதி ஜூரா மாநிலம் பிறந்தது. அதற்குப் பின்னும் மூத்தியே என்ற சிறு நகரம் 2017-இல் ஜூராவில் சேர வாக்களித்து, முறைகேடுகள் காரணமாக அது ரத்தாகி, 2021-இல் மறுபடி அவ்விதமே வாக்களித்தது. ஒரு சிற்றூருக்காக இத்தனை ஆண்டுகளா என்று சிலர் நகைக்கலாம். எனக்கோ அந்தப் பொறுமையில் ஒரு பெரிய நாகரிகம் தென்படுகிறது.

நம் தேசத்தில் அரசியல் சாசனத்தின் 3-ஆவது ஷரத்துப்படி, பார்லிமெண்டே மாநில எல்லைகளை மாற்றலாம். சம்பந்தப்பட்ட சட்டசபையின் கருத்தைக் கேட்க வேண்டுமேயன்றி, அதன் சம்மதம் அவசியமில்லை. சமஸ்தானங்கள் பல நூறு சிதறிக் கிடந்த காலத்தில் எழுதப்பட்ட சாசனத்துக்கு அத்தகைய அதிகாரம் தேவையாகவே இருந்தது. 1956-இல் பாஷைவாரியாக மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டதும், கன்னியாகுமரி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததும் அந்த வழியில்தான். எனினும் அந்த அதிகாரம் ஜனங்களின் குரலைப் பின்தொடர்ந்து சென்றபோதெல்லாம் நன்மை விளைந்தது என்பதை நீ மறவாதே.

கேரளக் கரையிலுள்ள மாஹியும் ஆந்திரத்திலுள்ள ஏனாமும் புதுச்சேரியோடு சேர்ந்திருப்பது விநோதமாக இருக்கிறதென்று எழுதியிருந்தாய். அவையும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1954-இல் நம் நிர்வாகத்துக்கு வந்தவை. 1956-இல் இரு தேசங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையில், அவற்றின் தனி நிர்வாக நிலையில் எந்த மாற்றம் செய்வதாயினும் ஜனங்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்ய வேண்டும் என்று ஒரு ஷரத்து சேர்த்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் தாத்தா