நசுங்கிய பட்டையை எடைக்குப் போடாதீர்கள்

எண்ணூர் என்றால் லாரிதான் நினைவுக்கு வரும். ஆனால் 1948இல் அங்கே அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது ஆஸ்டின் கார்களுக்காக. இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி 1949இல் ஆஸ்டின் ஏ40 கார்களை வெளியே விட்டார்கள். 1955இல்தான் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. காரைப் பூட்டிய அதே வட்டாரத்தில் இன்று ஒரு பழைய காரின் பக்கவாட்டில் அலங்காரமாக ஓடும் எவர்சில்வர் பட்டை நசுங்கினால், "மாத்திடுங்க சார்" என்பதே முதல் பேச்சாக இருக்கிறது. உற்பத்தி நின்று பல பத்தாண்டுகளான வண்டிக்குப் புதுப் பட்டை எங்கே கிடைக்கும்? எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரி உரசிப் போன வண்டிகளில் நல்ல பட்டைகள் பல, பழுது பார்க்கப்படாமலே பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேருகின்றன. காரணம் சில தவறான நம்பிக்கைகள்தான்.

"எவர்சில்வரில் டொக்கு விழுந்தா எடுக்கவே முடியாது." இது முழுத் தவறு. குரோம் முலாம் பூசிய பாகத்தைத் தட்டினால் முலாம் உரியும் என்று பயப்படுவதில் நியாயம் உண்டு. எவர்சில்வரில் பூச்சே கிடையாது. முகத்தில் மின்னும் உலோகம்தான் முதுகிலும் இருக்கிறது. அதனால் தட்டலாம், அராவலாம், தேய்க்கலாம், மீண்டும் பளபளப்பாக்கலாம்.

வேலையின் உயிர் கழற்றுவதில் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால், இருந்த ஒரு டொக்கு மூன்றாகும். கிளிப் இருக்கும் இடம் பார்த்து, ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். பிறகு பட்டையின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கிய கெட்டி மரக்கட்டையில் முகத்தைக் கவிழ்த்து வைத்து, முதுகுப் பக்கமிருந்து சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் தொடங்கி மெல்ல நடுவுக்கு வர வேண்டும். தகடு அரை மில்லிமீட்டர், முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். அடிக்க அடிக்க இந்த உலோகம் இறுகும்; ஓங்கி ஓர் அடி விழுந்தால் தகடு நீண்டு, பள்ளம் இருந்த இடத்தில் புடைப்பு வரும். நீண்டதைச் சுருக்குவது பெரும்பாடு. நூறு மெல்லிய தட்டல் வாங்கும் வேலை இது.

ஓரளவு சமமானதும் முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, நைஸ் அரத்தை ஒருமுறை லேசாக ஓட்டுங்கள். மை போன இடம் மேடு, மை நிற்கும் இடம் பள்ளம். பள்ளத்தை மறுபடி பின்னாலிருந்து தூக்க வேண்டும். மேட்டை அராவியே சமமாக்கப் பார்த்தால் தகடு ஓட்டையாகிவிடும். சமமான பின் 220, 320, 400, 600 என்று வாட்டர் பேப்பர், கடைசியில் பச்சை பாலிஷ் கட்டி தடவிய பஃபிங் சக்கரம். பட்டையை ஒரு பலகையில் கட்டிப் பிடிப்பது அவசியம். சக்கரம் வெறும் பட்டையைக் கவ்வி இழுத்தால் பட்டையும் போகும், கையும் போகும்.

"காந்தம் ஒட்டினா அது எவர்சில்வரே இல்லை." இதுவும் தவறு. எவர்சில்வரிலேயே 430 என்ற ரகத்தில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் இருக்கும், காந்தம் நன்றாகவே ஒட்டும். கார் பட்டைகளுக்கு அது வழக்கமான ரகம். முதுகுப் பக்கம் அரத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளேயும் அதே வெள்ளை, அதே கெட்டி என்றால் எவர்சில்வர். மஞ்சளாகத் தெரிந்தால் முலாம் போட்ட பித்தளை. மெத்தென்று சீவப்பட்டால் அலுமினியம். அதற்கு வைத்தியமே வேறு.

"கேஸ் டார்ச்சால சூடு காட்டினா சுலபமா வளையும்." வளையும்தான், மெல்லிய பட்டை முறுக்கிக்கொண்டும் போகும், நீலமும் பழுப்புமாகக் கறை ஏறும். 304 ரகம் 425 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிடந்தால் குரோமியம் கார்பனோடு சேர்ந்துகொண்டு, துருவைத் தடுக்கும் சக்தி குறைந்துவிடும். இந்த வேலைக்கு நெருப்பே வேண்டாம்.

"எவர்சில்வர் துருப்பிடிக்காது" என்பது நம் கடற்கரையில் ரொம்ப ஆபத்தான நம்பிக்கை. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய காலத்திலிருந்து இந்த உலோகத்தைக் காப்பது, சில நானோமீட்டரே தடிமனுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். காசிமேட்டிலிருந்து கத்திவாக்கம் வரை வீசும் உப்புக் காற்றிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். பழுப்புப் புள்ளிகள் வரும். அவற்றைப் போக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றுகிறார்கள். அதுவே ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது இன்னும் குளோரைடு. இரும்பு நாரால் தேய்த்தால் இரும்புத் துகள் ஒட்டி, அதுவும் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீர், சோப்பு, துணி போதும். இன்னொன்று: பட்டை பளபளவென்று இருக்கும்போதே அதன் பின்னால் ஈரம் தேங்கி, இரும்புக் கிளிப்பும் கதவுத் தகடும் அரித்துக்கொண்டிருக்கும். கழற்றிய கையோடு துளை ஓரங்களுக்கு பிரைமர் அடித்து, கிளிப்புக்கு அடியில் ரப்பர் வாஷர் போடுங்கள்.

பட்டை நசுங்கினால் முதலில் பொறுமையான ஒரு டிங்கரிடம் காட்டுங்கள். அவர் ஒரு முழம் பட்டைக்கு ஒரு நாள் கேட்டால் கொடுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.