வீட்டிலேயே குழந்தைகள் காப்பகமா? முதலில் எழுதி வையுங்கள்!

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் கோயிலுக்குப் போனவர்களுக்கு வட்டப்பாறையைத் தெரிந்திருக்கும். கொடுக்கல் வாங்கல் தகராறா, பங்காளிச் சண்டையா... 'வா, வட்டப்பாறையில வந்து சத்தியம் பண்ணு!' என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப முடியாது என்பது ஊர் நம்பிக்கை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சத்தியம் செய்ய வேண்டிய நிலைமை எப்போது வருகிறது? வாயால் பேசியதை ஆளுக்கொரு விதமாக ஞாபகம் வைத்திருக்கும்போதுதானே! காசு பணத்துக்கே இந்தப் பாடு என்றால், பச்சைக் குழந்தையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றும் விஷயத்தில் எவ்வளவு கவனம் வேண்டும்?

திருவாமாத்தூர் போன்ற ஊர்களிலிருந்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பஸ் பிடித்து வேலைக்குப் போகும் பெண்கள் இன்று ஏராளம். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி (நம் ஊர் வழக்கில் பால்வாடி) இருக்கிறது. ஆனால் இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் அம்மாவுக்கு அந்த நேரம் போதாது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. பத்துப் பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடைக்கும் சின்ன கிளினிக்குக்கும் இது பொருந்தாது. கடைசியில் கை கொடுப்பது யார்? 'விட்டுட்டுப் போம்மா, நான் பாத்துக்கறேன்' என்று சொல்லும் பக்கத்து வீட்டு அக்காதான்!

நீங்கள் அந்த அக்காவாக இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. குழந்தையை விட்டுப்போகும் அம்மாவாக இருந்தாலும் உங்களுக்குத்தான்.

கையேடு வேறு, ஒப்பந்தம் வேறு

இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'எங்கள் வீட்டில் குழந்தைகளை இப்படித்தான் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்வது பெற்றோர் கையேடு. அது எல்லோருக்கும் ஒன்றே. 40 பக்க நோட்டில் நாலைந்து பக்கம் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் போதும். 'இந்தக் குழந்தைக்கு, இந்த நேரம், இந்தக் கட்டணம்' என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது ஒப்பந்தம். அது குழந்தைக்குக் குழந்தை மாறும்.

கையேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

1. நேரம், விடுமுறை: காலை எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், மாலை எத்தனை மணிக்குள் கூட்டிப்போக வேண்டும் என்று எழுதுங்கள். பொங்கல், தீபாவளி, திருவிழா நாட்களில் உண்டா, இல்லையா? உங்களுக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் எப்போது தகவல் சொல்வீர்கள்? அந்த அம்மா வேறு ஏற்பாடு செய்ய வேண்டுமே!

2. எத்தனை குழந்தைகள்: 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட காப்பக வழிகாட்டுதல்கள், 3 வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளரும், உதவிக்கு ஒருவரும் வேண்டும் என்கின்றன. அது நிறுவனங்களுக்கான அளவு. வீட்டில் தனியாளாக, அடுப்பையும் கவனித்துக்கொண்டு பார்ப்பவருக்கு நாலைந்து குழந்தைகளே அதிகம். கைக்குழந்தை என்றால் இன்னும் குறையுங்கள். 'இத்தனைக்கு மேல் சேர்ப்பதில்லை' என்று எழுதிவிட்டால், பிறகு 'எங்க பேரனையும் சேத்துக்கோயேன்' என்று யாராவது வந்தால் மறுப்பது சுலபம்.

3. உடம்பு சரியில்லாத நாள்: சண்டை அதிகம் வருவது இங்கேதான். அதனால் தெளிவாக எழுதுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பெற்றோருக்குப் போன் போகும், வந்து கூட்டிப்போக வேண்டும். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு திரும்ப வரலாம். வாந்தி, பேதி நின்று 48 மணி நேரம் ஆக வேண்டும். சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை. மணல்வாரி அம்மை என்றால் தடிப்பு தோன்றியதிலிருந்து 4 நாட்கள் முடியும் வரை. இது தண்டனை இல்லை, மற்ற குழந்தைகளுக்குத் தொற்றாமல் இருக்கத்தான்.

சேர்க்கும்போதே தடுப்பூசி அட்டையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தட்டம்மை - ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

4. மருந்து: ஓர் உதாரணம். அம்மா காலை 7 மணிக்குப் பாரசிட்டமால் சிரப் கொடுத்துவிட்டு, சொல்ல மறந்து பஸ் ஏறிவிடுகிறார். 9 மணிக்கு உடம்பு சுடுகிறதே என்று நீங்கள் இன்னொரு தடவை கொடுக்கிறீர்கள். இரண்டு பேரும் நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள். ஆனால் குழந்தைக்குள் போனதோ இரண்டு மடங்கு! அளவு மீறினால் ஈரல் கெடும் மருந்து அது. குழந்தையின் எடைக்கேற்ற அளவில், குறைந்தது 4 மணி நேர இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு விதி: 'மருந்தின் பெயர், அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம் மூன்றையும் அம்மாவோ அப்பாவோ சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மருந்து கொடுக்கப்படும். நாங்கள் கொடுத்த நேரமும் அதே சீட்டில் எழுதப்படும்.'

5. பால், சாப்பாடு: தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். 25 டிகிரி செல்சியஸ் வரை உள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். விழுப்புரத்துச் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள், ஃபிரிட்ஜில் வையுங்கள். பாட்டிலில் பெயரும் நேரமும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூடாது. முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பட்டாணி சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது, மூச்சுக்குழாயை அடைத்துவிடும். எது ஒத்துக்கொள்ளாது என்று அம்மா சொல்வதை அப்படியே எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள்.

6. பாதுகாப்பு: கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தே தூங்க வையுங்கள். பாத்ரூம் பக்கெட்டில் அரை அடித் தண்ணீர் இருந்தாலும் தவழும் குழந்தைக்கு ஆபத்து. தண்ணீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் மூடி வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்ததை நாம் மறக்க முடியுமா? கூரைக் கொட்டகையும் சமையல் நெருப்பும் குழந்தைகளும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ். எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது (முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, திண்டிவனம் அரசு மருத்துவமனையா) என்று முன்கூட்டியே பேசி எழுதுங்கள்.

7. யார் கூட்டிப்போகலாம்: அம்மா, அப்பா தவிர இன்னும் இரண்டு பேர் பெயர், போன் நம்பர், போட்டோ வாங்கி வையுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவர், குழந்தைக்குச் சொந்தச் சித்தப்பாவே ஆனாலும், பெற்றோரிடம் போனில் கேட்காமல் அனுப்பக்கூடாது. குடித்துவிட்டு வருபவரிடம் ஒப்படைப்பதில்லை என்பதையும் கூசாமல் எழுதுங்கள்.

8. அடிப்பதில்லை: 'இங்கே குழந்தையை அடிப்பதில்லை, பயமுறுத்துவதில்லை, இருட்டில் பூட்டுவதில்லை' என்று ஒரு வரி இருக்கட்டும். குழந்தைகள் இருக்கும் நேரத்தில் வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பெற்றோர் எந்த நேரமும் சொல்லாமல் வந்து பார்க்கலாம் என்று அனுமதி கொடுங்கள். குழந்தைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். தப்பான தொடுதல் நடந்ததாகத் தெரியவந்தால் மூடி மறைக்கக்கூடாது. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

இனி, ஒப்பந்தம்

ஒரே ஒரு பக்கம் போதும். இந்த மாதிரி எழுதிப் பாருங்கள்:

'........ என்ற குழந்தையைத் திங்கள் முதல் சனி வரை காலை .... மணி முதல் மாலை .... மணி வரை பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம். மாதக் கட்டணம் ரூ. ..... ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். குழந்தை வராத நாட்களுக்குக் கழிவு உண்டு / இல்லை. குறித்த நேரத்துக்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் ரூ. .... கூடுதல். நிறுத்துவதானால் இரு தரப்பும் 15 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அவசர நேரத்தில் முதலுதவி செய்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் பெற்றோர் அனுமதிக்கிறோம். கையேட்டைப் படித்தோம், படிக்கச் சொல்லிக் கேட்டோம்.'

கீழே இரு தரப்பு கையெழுத்து, தேதி, இரண்டு சாட்சிகள். இரண்டு பிரதி எடுத்து ஆளுக்கொன்று. வருடத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் புதுப்பியுங்கள். முத்திரைத்தாளில் எழுத விரும்பினால் நடப்பு மதிப்பைப் பத்திர எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும்.

'எது நடந்தாலும் நான் பொறுப்பில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது நடக்காது! 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பொது நலத்துக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. கவனக்குறைவால் குழந்தைக்கு ஆபத்து வந்தால் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. மேலே சொன்ன எட்டு விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதுதான் காப்பாற்றும். பாடம், எழுத்து என்று விளையாட்டுப் பள்ளியாகவே நடத்த நினைத்தால், அதற்கென 2015-ல் தமிழக அரசு கொண்டுவந்த விதிமுறைகள் உண்டு. கல்வித்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

'கேட்டா கோவிச்சுக்குவாங்களே?'

பல பேருடைய தயக்கம் இதுதான். 'நம்ம பக்கத்து வீடு... அவகிட்ட போய் அக்ரிமென்ட் கேக்கறதா?' அந்த வெட்கத்தால் நஷ்டப்படுவது யார்? மாலை 6 மணிக்கு வர வேண்டிய அம்மா தினமும் 7 மணிக்கு வருவார். நீங்கள் மனதுக்குள் பொருமுவீர்கள். ஒரு நாள் அந்தக் கோபம் குழந்தை மேல் திரும்பும். அந்தப் பக்கமும் அப்படியே. கட்டணத்தைத் திடீரென்று ஏற்றினால் அந்த அம்மா வேலையையே விட வேண்டி வரலாம். எழுதி வைத்தது இரண்டு பேருக்கும் காவல்.

சொல்கிற விதத்தில் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். 'உன் மேல நம்பிக்கை இல்லாம இல்லம்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரி வெச்சிருக்கேன். புள்ளைக்கு நல்லதுன்னுதான்' என்று சொல்லிப் பாருங்கள். கையேட்டை ராத்திரி வீட்டுக்கு எடுத்துப்போய், வீட்டுக்காரர், மாமியார் எல்லோரும் படித்துவிட்டு மறுநாள் கையெழுத்துப் போடட்டும். முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம் மட்டும் குழந்தையை விட்டுப் பழக்கட்டும். அழுகை குறையும், நம்பிக்கையும் வளரும்.

இன்றைக்கே ஒரு நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எடை, ஒத்துக்கொள்ளாத உணவு, இரண்டு போன் நம்பர். இந்த ஐந்தை மட்டும் எழுதினாலே பாதி வேலை முடிந்த மாதிரி. மீதியை இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவோடு உட்கார்ந்து எழுதிவிடலாம்.